பாதையோரக் குப்பை யாருடையது?

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ-7 பாதையில் தலவாக்கலையை நெருங்கும்போது பயணிகள் வண்டியை நிறுத்துவது வழக்கம். டெவோன் நீர்வீழ்ச்சியும் சென்கிளையர் நீர்வீழ்ச்சியும் அங்கிருந்து தெரிகின்றன. படம் பிடிக்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், புறப்படுகிறார்கள். அதே வளைவுகளில் பாதைக்குக் கீழே எட்டிப் பார்த்தால் சொப்பிங் பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், சோற்றுப் பொதிகள், குழந்தைகளின் பம்பஸ் ஆகியவை தேயிலைச் செடிகளின் மேல் கிடக்கும். அவற்றில் ஒரு பகுதி பயணிகள் வீசியது. மற்றொரு பகுதி கடைகளிலிருந்தும் லயன்களிலிருந்தும் வந்தது.

இந்தக் குப்பைக்காகப் பழி சுமப்பவர்கள் பெரும்பாலும் புதிதாகக் குடியேறியவர்களே. மேல் கொத்மலைத் திட்டத்துக்காக வீடு கொடுத்தவர்கள், மண்சரிவுக்கு அஞ்சி லயனை விட்டு வெளியேறியவர்கள், வன்செயல்களால் ஊர் ஊராக அலைந்து இங்கு வந்து மரக்கறி செய்பவர்கள் ஆகியோரைக் காட்டி, "இவர்கள் வந்த பிறகுதான் இந்த அசுத்தம்" என்று சொல்வது எளிது. இப்பழியை வாதாடி நீக்க முடியாது. குப்பை ஏன் அங்கே வருகிறது, சட்டப்படி அதற்குப் பொறுப்பானவர் யார், நம் கையில் உள்ளது என்ன என்பவற்றை அறிந்து செயற்பட்டால் நீக்கலாம்.

எல்லையில் விழும் குப்பை

குப்பை கொட்டப்படும் இடங்களைச் சற்றுக் கவனியுங்கள். ஒருவருடைய வாசலிலோ கரட் பாத்தியிலோ யாரும் கொட்டுவதில்லை. தோட்டம் முடிந்து நகர சபை எல்லை தொடங்கும் இடம், பாலத்தடி, கான் ஓரம், ஆளில்லாத வளைவு ஆகியவையே குப்பை மேடாகின்றன. "இது எங்களுடையதல்ல" என்று ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய இடம் எதுவோ, அங்கேயே குப்பை சேருகிறது.

மலையகத்தில் இந்நிலைக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமங்களுக்குச் சேவை செய்யும் பொறுப்பைப் பிரதேச சபைகளிடம் கொடுத்தது. ஆனால் அதன் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். சபையின் குப்பை லொறியோ தோட்டத்து எல்லையில் திரும்பிச் சென்றது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும் லயன் குப்பையை அகற்ற ஒழுங்கான ஏற்பாடு பல தோட்டங்களில் உருவாகவில்லை. ஆகவே மக்கள் எரித்தார்கள், கானில் போட்டார்கள், ஆற்றில் எறிந்தார்கள்.

2018இல் இந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சேவை செய்யச் சபைகளுக்கு வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலையொட்டி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் அவ்வாறு பிறந்தவை. தலவாக்கலை நகரம் தலவாக்கலை-லிந்துலை நகர சபைக்கு உரியது. நகரைச் சுற்றியுள்ள தோட்டங்கள் அயலிலுள்ள பிரதேச சபைகளுக்கு உரியவை. "எங்கள் குடியிருப்பு எந்தச் சபைக்கு உட்பட்டது?" என்பதை ஒவ்வொரு குடும்பமும் முதலில் அறிந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. தெரியாதவரை முறையிடவும் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவும், 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவும், வீதிகளைத் துப்புரவாக்குவதும் வீட்டுக் குப்பையை அகற்றுவதும் சபையின் கடமை என்கின்றன. சபை சேகரித்த குப்பை சபையின் உடைமையாகிறது.

இதிலிருந்து நமது கேள்விக்கு விடை கிடைக்கிறது. சபையிடம் ஒப்படைக்கும் வரை குப்பை அதை உண்டாக்கியவருடையது. ஒப்படைத்த பின் அது சபையுடையது. பாதையோரத்தில் கிடப்பது, இந்த இரு கைகளுக்கும் நடுவே நழுவி விழுந்த குப்பை. நாம் ஒப்படைக்காமல் வீசினாலும் விழும். சபை வந்து பெற்றுக்கொள்ளாவிட்டாலும் விழும். ஆகவே மக்களைத் திட்டுவதால் மட்டும் பாதை சுத்தமாகாது. சபையைத் திட்டிவிட்டு ஓய்வதாலும் ஆகாது.

குப்பை எங்கே போய்ச் சேருகிறது?

மலைநாட்டில் எறிந்தது எறிந்த இடத்தில் நிற்பதில்லை. மழை அதை இறக்கிவிடும். ஆக்ரா ஓயா, நானு ஓயா முதலியன கொத்மலை ஓயாவுக்கு நீர் கொண்டு வருகின்றன. அந்த ஆறு தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் தடுக்கப்படுகிறது. 2006இல் வேலை தொடங்கி 2012இல் மின் உற்பத்திக்கு வந்த இத்திட்டத்தின் திறன் 150 மெகாவாற். தேங்கும் நீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக நிலக்கீழ் மின் நிலையத்துக்குச் செல்கிறது. இதற்காகச் சுமார் 500 குடும்பங்கள் இடம் மாறின. அக்குடும்பங்கள் விட்டுக்கொடுத்த நிலத்தின்மேல் நிற்கும் நீரில் இன்று அடைமழைக் காலங்களில் போத்தல்களும் பொலித்தீனும் மிதக்கின்றன.

அந்த நீரின் பயணம் அங்கே முடிவதில்லை. அது கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, மகாவலியோடு கலந்து, வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது. நாம் கானில் போட்ட பொருளின் துகள் அங்குள்ள ஓர் உழவனின் வாய்க்காலைத் தேடிச் செல்கிறது. நிலம் இழந்து வந்த உழவர்களாகிய நமக்கு அவருடைய கவலை புரியாததல்ல.

அருகிலேயே நேரும் தீங்குகள் இன்னும் பெரியவை. சரிவான நிலத்தில் கான் அடைபட்டால் மழை நீர் வடியாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. நீர் ஊறிய மலை பாரமாகி, பிடிமானம் இழந்து சரியலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. அங்கே காரணம் குப்பை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மலை எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டியது. கான்களைத் திறந்து வைத்திருப்பது மலைச்சரிவில் வாழ்பவரின் உயிர்க் காப்பு.

எஞ்சிய சோற்றைத் தேடி எலி வருகிறது. அதன் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். யோகட் கோப்பையில் தேங்கிய நீரில் நுளம்பு பெருகுகிறது. குப்பைக்கு நாய்களும் காட்டுப் பன்றிகளும் கூடுகின்றன. நாய்களைப் பிடிக்கச் சிறுத்தை லயன் பக்கம் வருகிறது.

குப்பை ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீதொட்டமுல்லை சாட்சி. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு நகரின் குப்பை மலை சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அவர்கள் அந்தக் குப்பையின் அடிவாரத்தில் வாழ்ந்த எளிய மக்கள். பிறர் எறிந்தது ஏழையின் வீட்டின்மேல் விழுந்தது.

குப்பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் குறையும்

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கும் பொருள். அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சபை லொறிக்காகக் காத்திருக்க வேண்டிய குப்பை பாதியாகக் குறைந்துவிடும்.

உக்கும் குப்பை: மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, இலை, புல், சாணம். ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு பெட்டியைத் தடி அல்லது பழைய பலகையால் அமையுங்கள். அடியில் மிலாறு பரப்புங்கள். காய்ந்த இலை அல்லது மானாப் புல் இரண்டு பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு என்று மாறி மாறி அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் கொஞ்சம் சாணக் கரைசல் தெளியுங்கள். நம் பகுதியின் மழைக்கு மேலே மூடி அவசியம். இல்லாவிட்டால் சத்து ஒழுகிப் போகும். இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். வெப்பமான பகுதியில் மூன்று மாதத்தில் ஆவது இந்தக் குளிரில் நான்கு மாதம் எடுக்கலாம். மீன், இறைச்சிக் கழிவைக் குவியலில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டியவர்கள் துளையிட்ட பீப்பாயில் இதையே செய்யலாம்.

இதன் பெறுமதியை 2021இல் நாம் அனைவரும் கற்றோம். அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிய பின்னும் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. கூட்டெரு மட்டும் உருளைக்கிழங்குக்கும் லீக்சுக்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மண்ணைப் பிணைக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, இட்ட பசளை மழையோடு போய்விடாமல் தடுக்கிறது. சரிவு நிலத்தில் பயிர் செய்பவருக்கு இது சிறு உதவியன்று.

உக்காத குப்பை: போத்தல், தகரம், கடதாசி, கண்ணாடி ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்துத் தனித்தனிச் சாக்கில் சேருங்கள். பழைய பொருள் வாங்குபவர் ஒரு வீட்டுக்காக மலை ஏற மாட்டார். இருபது வீட்டுக்கு வருவார். ஆகையால் லயனுக்கு ஒரு பொது இடத்தில் சேர்ப்பது நல்லது. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள். அந்தப் புகை நச்சு. 2017 செப்டெம்பர் முதல் அவ்வாறு திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

ஆபத்தான குப்பை: வெற்று மருந்துப் போத்தல்கள். தெளித்து முடித்ததும் போத்தலை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுங்கள். ஓடையில் கழுவ வேண்டாம். பின்பு போத்தலைக் குத்தித் துளையிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய்க்கோ குடிநீருக்கோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பம்பஸ் போன்றவற்றைக் கட்டி வைத்துச் சபையிடமே கொடுக்க வேண்டும். இவற்றுக்கு வீட்டில் தீர்வில்லை. லொறி வந்தே ஆக வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இரவில் லொறியில் வரும் குப்பை

விடுதி, கடை, கட்டட வேலை ஆகியவற்றின் கழிவை இரவில் தோட்டப் பாதையில் கொட்டிச் செல்பவர்களும் உண்டு. அவர்களை அடித்து விரட்டப் போனால் வழக்கு நம்மேல் விழும். அதைவிட, திகதி, நேரம், இடம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறியுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். சபைச் செயலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ் ஆகியோருக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம்.

சபையிடம் "எங்கள் பகுதிக்கு லொறி வாரத்தில் எத்தனை நாள், எந்தப் பாதையில்?" என்று கேட்கவும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சோலைவரி கட்டவில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

பிறர் செய்தது

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டி வந்தது. 2012இல் அக்கிராம மக்கள் லொறிகளைத் தடுத்தார்கள். நகரம் நாறியது. அதன்பின் நகரசபை வீடுகளில் உரக் குழாய்களையும் சாண வாயுக் கலன்களையும், தெருமுனைகளில் சாணமும் இலையும் அடுக்கும் உரப் பெட்டிகளையும் வைத்தது. குப்பை பிறந்த இடத்திலேயே உரமானது. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு அந்நகரைப் பாராட்டியது.

நமது உறவினர் பலர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் சென்று வாழும் நீலகிரியும் தேயிலை மலையே. அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி மாவட்ட நிர்வாகமும் மக்களும் பொலித்தீனுக்கு எதிராக இயக்கம் தொடங்கினர். 2019இல் சிறிய தண்ணீர்ப் போத்தல்களையும் தடை செய்து, பயணிகளுக்குக் குடிநீர் இயந்திரங்களை வைத்தார்கள். வீசாதே என்றதோடு நில்லாமல், வீசத் தேவையில்லாத வழியையும் காட்டினார்கள்.

எங்கே தொடங்குவது?

ஊர் முழுவதையும் ஒரே நாளில் சுத்தமாக்க முயல வேண்டாம். ஒரு வளைவைத் தெரிவு செய்யுங்கள். பழைய குடிகளும் புதிய குடிகளும், மேட்டு லயமும் பணிய லயமும் சேர்ந்து சிரமதானம் செய்யுங்கள். சபைக்கு முன்னரே கடிதம் கொடுத்து அன்று லொறியை வரவழையுங்கள். இல்லாவிட்டால் அள்ளிய குப்பை மறு வளைவுக்குத்தான் போகும். சுத்தமான இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பூச்செடியோ கீரைப் பாத்தியோ வையுங்கள். வாரத்துக்கு ஒரு குடும்பம் என முறை வைத்துப் பாருங்கள். ஓர் இடத்துக்கு உரிமையாளர் இருக்கிறார் என்று தெரிந்தால் கை தானாகத் தயங்கும்.

நிலத்தை இழந்தவர்கள் வந்த இடத்தை வேண்டா வெறுப்பாகப் பார்ப்பது இயல்பே. ஆனால் ஓர் ஊர் நமதாவது உறுதிப்பத்திரத்தால் மட்டுமல்ல. அதன் கானைத் திறந்து, பாதையைக் காத்து, சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்பவருக்கு "நீ வெளியான்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

குழுவில் கலந்துரையாட:

1. நமது குடியிருப்பு எந்தச் சபைக்கு உட்பட்டது? நம் வட்டார உறுப்பினர் யார்?
2. நம் பகுதியில் குப்பை சேரும் மூன்று இடங்கள் எவை? அவை ஏன் யாருடையதுமாக இல்லை?
3. அடைபட்டுள்ள கான்கள் எவை? மழைக்கு முன் அவற்றை யார் திறப்பது?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் கூட்டெருப் பெட்டி அமைக்க முன்வரும் ஐந்து குடும்பங்கள் எவை?