நாவிற்கு முன் செவி: பேச்சுப் பயிற்சியின் தொடக்கம்

எழுத்தொலிகள் உடலில் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தொல்காப்பியர் 'பிறப்பியல்' என்னும் தனி இயலில் ஆராய்ந்துள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் ஒலியாகிறது என்பது அவர் கண்ட உண்மை. இத்துணை உறுப்புகளும் இயைந்தால்தான் 'அம்மா' என்னும் எளிய சொல்லும் பிறக்கும். அவ்வியைபில் குறை நேருமிடத்துத் துணை நிற்பதே பேச்சுப் பயிற்சியாகும்.

குழந்தைகள்

"இவன் தகப்பனாரும் தாமதமாகத்தான் பேசினார், தானே பேசிவிடுவான்" என்று பெரியோர் ஆறுதல் கூறுவதும், நாவில் வசம்பு தடவிக் காத்திருப்பதும் நம் இல்லங்களில் காணும் வழக்கங்கள். அன்பினால் விளைந்தவையே எனினும், மூளை மொழியை எளிதில் ஏற்கும் இளம்பருவம் இக்காத்திருப்பில் கழிந்துவிடுகிறது. ஓராண்டு நிறைந்தும் மழலை ஒலி எழுப்பாமை, ஒன்றரை ஆண்டாகியும் ஒரு சொல்லும் கூறாமை, இரண்டாண்டு முடிந்தும் 'பால் தா' என இரு சொற்களை இணைக்காமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முதற்படி செவிப் பரிசோதனையே. கேளாத ஒலியை நா கற்பதில்லை. அதன்பின் பயிற்சியாளர் குழந்தையின் விளையாட்டையும், சொன்னதைப் புரிந்துகொள்ளும் திறனையும் கூர்ந்து நோக்குவார். வாரத்தில் சில மணி நேரமே அவர் உடனிருப்பார். எஞ்சிய பொழுதெல்லாம் பெற்றோரே ஆசான்கள். குழந்தை 'பந்து' என்றால், 'சிவப்புப் பந்து' என ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்வதும் பயிற்சியே.

இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் தோன்றும் திக்கல் பலருக்குத் தானே மறையும். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசவே அஞ்சினாலோ பயிற்சியாளரை அணுகுக. திக்கும் மாணவரின் சொல்லைப் பிறர் முடித்து வைத்தலும், வகுப்பில் நகைத்தலும் தகா.

பெரியோர்

1861-இல் பால் புரோக்கா என்னும் பிரெஞ்சு மருத்துவர், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். பக்கவாதம் அப்பகுதியைத் தாக்கினால் சொல் அகப்படாது தவிக்க நேரும். அத்தகையோர் அறிவிழந்தவர் அல்லர். தம் நிலையை உணர்ந்தே மௌனத்தில் வருந்துவர். பேச இயலாத சிலர் பழகிய பாடலைப் பாட வல்லவராய் இருப்பதும் உண்டு. உடல்நிலை சீரானவுடன், மருத்துவர் அறிவுரைப்படி பயிற்சியைத் தொடங்கலாம். உணவைத் தடையின்றி விழுங்க இயலுகிறதா என்பதையும் பயிற்சியாளரே ஆராய்வார். 'ஆம்', 'இல்லை' எனத் தலையசைத்து விடையளிக்கத்தக்க வினாக்களை வீட்டார் கேட்டு, விடைக்குப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கக் கத்துதல் பயன் தராது.

எங்கே செல்வது?

1965-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. குழந்தைகளுக்காக 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலும் வழிகாட்டுதல் பெறலாம். தனியாரிடம் செல்வோர், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என வினவுதல் நலம்.

பேச்சுக் குறை எவருடைய பழியும் அன்று. மறைத்தற்குரிய இழுக்கும் அன்று. குறையைக் கண்டும் நாளை என்று தள்ளிப் போடுவதே இழப்பாகும். மாணவர்கள் இச்செய்தியைத் தத்தம் இல்லங்களுக்கும் தெருவிற்கும் எடுத்துச் செல்வார்களாயின், நாவெழாது தவிக்கும் ஓர் உயிரேனும் உரிய காலத்தில் சொல்லைப் பெறும்.