கோப்பைக்குள் ஊக்கு!

புவனகிரியில் எங்கள் அண்ணன் (பெரியப்பா மகன்) வீட்டு ஷெல்ஃபில் ஒரு வெள்ளிக் கலர் கப் இருக்கிறது. 1990-ல் கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால் போட்டியில் 'சிறந்த ஆட்டக்காரர்' என்று கொடுத்தது. இப்போது அதற்குள் இருப்பவை: ஊக்கு, ரப்பர் பேண்ட், போன மாச கரண்ட் பில், பஸ்ஸுக்குச் சில்லறை. உபயம்: அண்ணி.

வெள்ளாற்று மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர் அண்ணன். அப்போது கல்கத்தாவில் ஒரு கிளப் 'வந்து ஆடிக் காட்டு' என்றது. பெரியப்பா, "பந்தை உதைக்க அவ்வளவு தூரம் ரயில்ல போகணுமா? இங்க இல்லாத பந்தா?" என்று முடித்துவிட்டார். அண்ணன் கடலூரில் குமாஸ்தா ஆனார்.

போன மாசம் அவர் பையனும் அதே மாதிரி ஒரு கப்போடு வந்து நின்றான். பி.காம். கடைசி வருஷம். கோவாவில் ஒரு கிளப்பில் டிரையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "சித்தப்பா, அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றான்.

பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கல்லூரியில் கப் வாங்கினவர்கள், அதற்கப்புறம் என்ன ஆனார்கள்?

இந்தக் கணக்கைப் பக்காவாக வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்பால். (கேட்கக் கூடாது!) கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கு 1935-லிருந்து 'ஹைஸ்மன்' கோப்பை. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர். 1936-ல் தொழில்முறை அணிகள் முதன்முறையாக ஆள் எடுத்தபோது, முதல் பெயரே அவருடையதுதான். அவர் கேட்ட சம்பளம் படியவில்லை. ஆட்டத்தை விட்டு ஒரு ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார்! பிற்பாடு சொந்தத் தொழில் தொடங்கி நன்றாகவே இருந்தார். ஆனாலும், ஆடாமல் போனோமே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அந்தக் கோப்பை? அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. எங்கள் அண்ணி எவ்வளவோ தேவலை.

1974, 1975 என்று இரண்டு தடவை அதை வாங்கிய ஒரே ஆள் ஆர்ச்சி கிரிஃபின். தொழில்முறையில் ஏழு சீசன் ஆடியும் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆனால், அந்தக் கோப்பையையே தொடாத டாம் பிரேடியை 2000-ல் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு முறை சாம்பியன்!

காரணம் சிம்பிள். ஒவ்வொரு பள்ளியிலும் முதல் ரேங்க் வாங்கினவர்களை எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், அதிலும் ஒருத்தன் கடைசி ரேங்க் வாங்கித்தானே ஆகணும்? கல்லூரியில் எதிரே நிற்பவன் பாதிப் பேர் என்னை மாதிரி தொப்பை கேஸ். கிளப்பில் எதிரே நிற்கிற எல்லோருமே கப் வாங்கினவர்கள்.

சரி, நம்ம ஊர்? இங்கே கப் என்றால் ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான்: ஸ்போர்ட்ஸ் கோட்டா. வங்கி, ரயில்வே, துறைமுகம் என்று ஆபீஸ் டீமில் சேர வேண்டியது. காலையில் பிராக்டீஸ், அப்புறம் லெட்ஜர். சபீர் பாஷா, இந்தியன் வங்கிக்கு ஆடிக்கொண்டே இந்தியாவுக்கும் ஆடினார்.

தேசிய லீக் வந்தது 1996-ல். நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன், 1997-98 சீசனில் எஃப்.சி. கொச்சிக்காக 10 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். அவருடைய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர்தான் காரைக்குடி பக்கத்துக் கண்டனூர் சிவசக்தி. பெங்களூரு அணிக்கு ஆடி, 2022-23 ஐ.எஸ்.எல்.லில் வளரும் வீரர் விருது வாங்கினார்.

இது நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் சொல்லணும். முதல் தேசிய லீகை ஜெயித்த ஜே.சி.டி. அணியே 2011-ல் கடையைச் சாத்திவிட்டது. எஃப்.சி. கொச்சி அதற்கும் முன்னாலேயே காலி. 2018-19-ல் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி, 2021-க்குப் பிறகு தேசிய லீகில் ஆளையே காணோம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லே அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆட்டக்காரன் கால் நன்றாக இருந்தாலும் கிளப்பின் கால் உடைந்துவிடுகிறது!

ஞாயிற்றுக்கிழமை இத்தனையையும் அண்ணனிடம் ஒப்பித்தேன். பேப்பரை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்த ரப்பர் கம்பெனிக்காரர் வருத்தப்பட்டாருன்னியே... நிஜமா?" என்றார்.

"நிஜம்தாண்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டார். "பேங்க் கிளார்க் பரீட்சை எத்தனை வயசு வரைக்கும் எழுதலாம்?"

"இருபத்தெட்டுப்பா."

"இருபத்தெட்டு வயசுல போய், நான் புது ஃபார்வர்டுன்னு சொன்னா எவனாவது சேர்ப்பானா?"

"சிரிப்பாங்கப்பா."

"அப்ப எதை முதல்ல செய்யணும்? டிகிரியை முடி. மூணு வருஷம் ஆடிப் பாரு. ஒண்ணும் ஆகலேன்னா வந்து பரீட்சை எழுது. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆடாமலே உக்காந்துட்டு முப்பத்தஞ்சு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

அவர் மனசில் அது இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் என்னமோ மாதிரி இருந்தது.

அண்ணி மட்டும் புதுக் கப்பைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோடதை விட இது பெரிசா இருக்குடா. புளி போட்டு வைக்கலாம்!"