அணைக்குமுன் (9): மூன்று தரம்

புதியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பந்தியில் அமர்ந்துவிட்டவர்களை மட்டும் உண்டு முடிக்க விடுவதே பராமரிப்பிற்காக ஒரு தரவுச் சேவையை நிறுத்துவதன் முதற்படி என்று சென்ற வாரம் எழுதினேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுத்தும் மூன்று மார்க்கங்களை இவ்வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் வேறொரு மூன்று குறுக்கிட்டுவிட்டது.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் பிறந்த யூனிக்ஸ், எழுதச் சொன்னதை அக்கணமே வட்டில் எழுதிவிடும் சுபாவமுடையதன்று. வட்டு மந்தகதியில் இயங்கும் சாதனமாதலால், எழுதவேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பிற்பாடு எழுதும். அந்த இடைவேளையில் மின்சாரத்தை நிறுத்தினால், எழுதியாயிற்று என்று நாம் நம்பியிருந்தது எழுதப்படாமலே போவதோடு, கோப்புகளின் கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் சிதைந்துவிடும். ஆகவே நிறுத்துமுன் 'ஸிங்க்' என்ற கட்டளையை இடுவது சம்பிரதாயம். அதுவும் ஏலம் விடுபவன் கூவுவதுபோல ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

மூத்த சகா ஒருவரைப் பார்த்து நானும் கற்றுக்கொண்ட இந்த ஆசாரத்தின் காரணம், இத்தனை வருஷங்கள் கழித்து இந்த வாரந்தான் எனக்கு விளங்கியது. அக்காலத்து ஸிங்க், எழுதும் வேலையைத் தொடக்கிவிட்டு, அது முடியுமுன்னரே திரும்பிவிடும். இரண்டாவது மூன்றாவது கட்டளைகளால் வட்டுக்கு விசேஷப் பிரயோஜனம் ஏதுமில்லை. விநாடிக்குப் 10 எழுத்தே அச்சிடும் டெலிடைப் 33இன் முன் அமர்ந்து, அவற்றைத் தனித்தனி வரியாக அடித்து முடிக்கப் பிடிக்கும் நேரமே பிரயோஜனம். அந்நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துக்கொள்ளும். காரணத்தை விட்டுக் காரியத்தை மட்டும் கற்ற பின்வந்தோரோ, மூன்றையும் அரைப்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதி ஒரே மூச்சில் ஓடவிட்டார்கள். தாமதத்திற்கென்றே பிறந்த மந்திரத்தை இப்படித் துரிதமாக ஜபித்த விநோதத்தை எண்ணி எண்ணி இரண்டு நாள் சிரித்தேன். லினக்ஸ் 1.3.20ஆம் பதிப்பு முதல் எழுதி முடியும்வரை காத்திருந்தே திரும்புவதால், அங்கே ஒரு முறையே போதும். என் விரல்களுக்குத்தான் போதவில்லை.

பக்கம் தீரப்போகிறது. போஸ்ட்கிரெஸின் முதல் மார்க்கமாகிய 'ஸ்மார்ட்', புதிய இணைப்புகளை மறுத்து, இருப்பவர் தாமாக எழுந்து போகும்வரை பொறுத்திருக்கும். எவரேனும் இணைப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராயின், விடிய விடியப் பொறுத்திருக்கும். 'ஃபாஸ்ட்', நடப்பிலுள்ள பரிவர்த்தனைகளை ரத்துசெய்து, அனைவரையும் துண்டித்து, பின் முறையாக மூடும். 9.5ஆம் பதிப்பு முதல், நிறுத்தும் கட்டளையில் வேறொன்றும் குறிப்பிடாவிட்டால் நடப்பது இதுவே. 'இம்மீடியட்' எதையும் ஒழுங்குசெய்யாமல் அப்படியே விழுந்துவிடும். மறுபடி எழும்போது தன் பதிவேட்டைப் படித்துத்தான் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். அந்தப் பதிவேட்டின் கதை அடுத்த வாரம். ஆசிரியர் இதுவரை இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்துவிட்டார்.