உங்களுக்குத் தெரியுமா? மின்னல் விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது ரேடியோ அலை!

கல்வராயன் மலைமேல் கருமேகம் திரளும்போது, மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளைக் அடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையத்திலிருந்தே எண்ணிப் பார்க்கலாம். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தூரம் தெரிந்துவிடும், விழுந்த இடம் தெரியாது.

ஒவ்வொரு மின்னலும் ரேடியோ அலைகளைக் கிளப்புகிறது. மத்திய அலை வானொலியில் மழைக்காலத்தில் கேட்கும் கரகரப்பு அதுதான். ஒளியின் வேகத்தில் பரவும் இந்த அலை, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள ஊர்களில் இருக்கும் உணர்கருவிகளை வெவ்வேறு கணத்தில் எட்டுகிறது. ஜிபிஎஸ் கடிகாரம் பதிவுசெய்த அந்த நேர வித்தியாசங்களிலிருந்து மின்னலின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மைக்ரோவிநாடியில் அலை 300 மீட்டர் போய்விடும் என்பதால், கடிகாரம் துளியும் பிசகக் கூடாது.

இந்தியாவில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இத்தகைய வலையமைப்பை நடத்துகிறது. அதன் ‘தாமினி’ செயலி, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

கணக்கு சரிதானா? மின்னல் அடிக்கடி தாக்கும் உயர்ந்த கோபுரங்களே இதற்குச் சாட்சி. ஆஸ்திரியாவின் கைஸ்பெர்க் மலைக் கோபுரத்தில் பாயும் மின்னோட்டத்தை 1998 முதல் நேரடியாக அளக்கிறார்கள். கோபுரம் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும். வலையமைப்பு சொன்ன இடம் எவ்வளவு விலகியது என்று பார்த்தால் போதும். புளோரிடாவில் கம்பி கட்டிய ராக்கெட்டை மேகத்தை நோக்கி ஏவி, மின்னலை வரவழைத்தே சோதித்தார்கள்!

இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.