மலிவு விலை உலர் நாய் உணவு

மலிவு விலை உலர் நாய் உணவு என்பது தானிய மாவு, கோழி அல்லது பிற இறைச்சியின் கழிபாகங்கள், சோயா, எண்ணெய், தாதுப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைக் கலந்து வேகவைத்து உலர்த்தித் தயாரிக்கப்படும் விலை குறைந்த நாய்த் தீவனம் ஆகும். சென்னையில் எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் இதற்குப் பேச்சுவழக்கில் ‘பெடிகிரி’ என்றே பெயர். ஒரு வணிகப் பெயர் பொருளின் பெயராகவே மாறிவிட்டதால், ஒரு பைக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு வாங்குவோர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள டோல்கேட் போன்ற பகுதிகளில் நாய்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது மீந்த சோறு, கறிக்கடையில் வாங்கும் கோழிக்கால், கோழித்தலை, மீன்தலை, பிஸ்கட் ஆகியவையே. உலர் உணவு பெரும்பாலும் இவற்றோடு சேர்த்தே போடப்படுகிறது. ஆகவே ‘எந்தப் பை நல்லது’ என்பதோடு ‘சோற்றில் எவ்வளவு கலக்கலாம்’ என்பதும் இங்கே சேர்ந்தே எழும் கேள்வியாகும்.

தானியம் ஏன் இருக்கிறது?

தொழிற்சாலை நாய் உணவு 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் விற்ற நாய் பிஸ்கட்டில் தொடங்குகிறது. துறைமுகத்தில் எறியப்பட்ட கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்ததாக ஒரு கதை உண்டு. இன்றைய உப்பிய உருண்டைகள் 1950களில் பரவின. கலந்த மாவை நீராவியில் வேகவைத்து, உயர் அழுத்தத்தில் துளை வழியே தள்ளும்போது மாவுச்சத்து பொரிந்து வடிவம் பெறுகிறது. அதாவது, ஓரளவு மாவுச்சத்து இல்லாமல் இந்த உருண்டையே உருவாகாது.

எனவே மக்காச்சோளமோ அரிசியோ முதலிடத்தில் இருப்பதாலேயே ஓர் உணவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேசு நொதிக்கான மரபணு இரண்டு படிகளே உள்ளன. நாய்களில் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. வெந்த தானியம் நாய்க்குச் செரிக்கும். அதனுடன் வேறென்ன சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பையின் பின்புறம்

சேர்மானங்கள் பொதுவாக எடை வரிசையில் அச்சிடப்படுகின்றன. ஆனால் அந்த எடை வேகவைப்பதற்கு முந்தையது. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், பட்டியலில் முதலில் வரும் ‘கோழி’ உலர்ந்தபின் பின்னுக்குப் போய்விடலாம். உலர்ந்த ‘கோழித் தூள்’ அப்படிச் சுருங்காது. மக்காச்சோளம், மக்காச்சோளப் பசைப்புரதம், அரிசி, அரிசித் தவிடு என்று தானியத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கும். பைமேல் உள்ள கோழிப் படத்துக்கு ஊட்டச்சத்து மதிப்பு இல்லை; பச்சை, சிவப்பு நிற உருண்டைகளும் வாங்குபவர் கண்ணுக்கே.

‘கச்சாப் புரதம்’ என்பது நேரடியாக அளக்கப்பட்ட புரதம் அன்று. நைட்ரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிய எண். நைட்ரசன் மிகுந்த மெலமைனைக் கலந்து இந்த எண்ணை ஏமாற்றியதால்தான் 2007இல் வட அமெரிக்காவில் பல நாய், பூனை உணவுகள் திரும்பப் பெறப்பட்டன. நேர்மையான பையிலும் இந்த எண் புரதத்தின் தரத்தையோ செரிமானத்தையோ சொல்வதில்லை.

அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, உலர் எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18% புரதமும் 5.5% கொழுப்பும், குட்டிக்கு 22.5% புரதமும் 8.5% கொழுப்பும் வேண்டும் என்கிறது. பையில் 20% புரதம், 12% ஈரப்பதம் என்று இருந்தால் உலர் எடையில் புரதம் 20 ÷ 0.88, அதாவது சுமார் 22.7%. எந்த வயது நாய்க்கு ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற வாசகம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11968 என்ற தரநிலை நாய், பூனை உணவுக்கு உண்டு. அது விருப்பத்தின்பேரில் பின்பற்றப்படுவது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உணவுக்கானது. கால்நடைத் தீவனம் அதன் வரையறைக்குள் வராது.

கிலோ விலையும் கலோரி விலையும்

கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கிலோகலோரி என்று கணக்கிடுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, கிலோ 200 ரூபாய் விலையுள்ள ஒரு பையில் புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12, சாம்பல் 8 விழுக்காடு எனக் கொள்ளலாம். மீதி 45 மாவுச்சத்து. கிலோவுக்கு ஏறக்குறைய 3,125 கிலோகலோரி. கிலோ 240 ரூபாய்ப் பையில் புரதம் 26, கொழுப்பு 16, நார் 3.5, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் சுமார் 3,550 கிலோகலோரி.

கருத்தடை செய்த 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கிலோகலோரி தேவை. முதல் பையில் அது 272 கிராம், ஏறத்தாழ 54 ரூபாய். இரண்டாவதில் 240 கிராம், 57 ரூபாய். கிலோவுக்கு 40 ரூபாய் வேறுபாடு நாளுக்கு மூன்று ரூபாயாகக் குறுகிவிடுகிறது.

சோற்றுடன் கலக்கும்போது

நாளுக்கு 50 ரூபாய்க்கு மேல் பல வீடுகளால் நாய்க்கு ஒதுக்க முடியாது. சோறு கலப்பது அதனால்தான். உலர் எடையில் பாதி சோறாக இருந்தால், மேற்கண்ட முதல் பையின் 22.7% புரதம் சுமார் 15 ஆக இறங்கும். கால்சியமும் ஏறக்குறைய பாதியாகும். உலர் எடையில் கால் பங்குக்குள் சோறு இருந்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் 18க்குக் கீழே போகாது. கூடுதலாகக் கலப்பதானால் அவித்த முட்டை, அல்லது முள் மெத்தென்றாகும்வரை வேகவைத்த நெத்திலி, கவலை போன்ற சிறு மீன் குறையை ஓரளவு ஈடுகட்டும். முள்ளோடு வெந்த மீன் கால்சியமும் தரும். கருவாடு உப்பு மிகுந்தது, ஏற்றதன்று.

குட்டிக்கு இந்தக் கலப்பு ஆபத்தானது. எலும்பில்லா இறைச்சியிலும் சோற்றிலும் பாஸ்பரசை விடக் கால்சியம் மிகக் குறைவு. இவற்றையே தின்று வளரும் குட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை இழந்து, கால் வளைந்து, சிறு குதிப்பிலும் எலும்பு முறியும் நிலைக்கு வரலாம். பணம் குறைவாக இருந்தால் அதை முதல் ஆண்டில் குட்டிகளுக்கான முழு உணவுக்குச் செலவிடுவதே சரி.

சில்லறை விற்பனை

பெரிய மூட்டையைப் பிரித்து நிறுத்து விற்கும் ‘லூஸ்’ உணவு கைக்கு அடக்கமானது. ஆனால் அதனுடன் சேர்மானப் பட்டியல், தயாரிப்பு மாதம், தொகுதி எண் எதுவும் வருவதில்லை. கடலோர ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் மூட்டையில் கொழுப்பு காறிப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்லடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. சமைத்தாலும் முழுதும் அழியாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கண்டறியப்பட்டு ஓர் உலர் உணவு வகை திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன. தொகுதி எண் தெரிந்தால்தான் அத்தகைய அறிவிப்பு பயன்படும். லூஸாக வாங்குவோர் மூட்டையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் காறிய வாடை அடித்தாலோ, உருண்டைகள் நமுத்து ஒட்டியிருந்தாலோ வாங்கக் கூடாது. வாங்கியதை மூடியுள்ள டப்பாவில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுவது பாதுகாப்பானது. பழைய துகளைத் துடைத்துவிட்டே டப்பாவில் புதியதைக் கொட்ட வேண்டும்.