பழைய மோட்டார் சைக்கிளும் இரும்புத் துருவும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூருக்குச் செல்லும் சாலை, பாலாறு என்னுமிடத்தில் கர்நாடக எல்லைக்குள் புகுகின்றது. அச்சாலையின் மறுகோடியாகிய மைசூரில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐடியல் ஜாவா தொழிற்சாலை, செக்கோஸ்லோவாக்கியா நாட்டு உரிமத்தைப் பெற்று, அடுத்த ஆண்டு முதல் 250 சி.சி. மோட்டார் சைக்கிள்களைச் செய்து வந்தது. முதலில் ஜாவா என்றும், பின்னர் யெஸ்டி என்றும் அவை பெயர் பெற்றன. தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018-இல் மீண்டும் சந்தைக்கு வந்ததெனினும், அப்பெயர் தாங்கியவை முற்றிலும் வேறான எந்திரம் பூண்ட புதிய வண்டிகளே. எனவே, பழைய வண்டியின் மட்கார்டையோ பெட்ரோல் டாங்கையோ துருவுக்குப் பறிகொடுத்தவர், அதே உறுப்பைச் செய்த இடத்திலிருந்து மீண்டும் பெற இயலாது. இருக்கும் தகட்டைக் காப்பதே வழி.

துரு என்பது யாது? இரும்பும், நீரும், பிராணவாயுவும் கூடுமிடத்தில் விளையும் ஒரு கலவைப் பொருள் அது. செம்பில் படிவதைக் களிம்பு என்றும், இரும்பில் படிவதைத் துரு என்றும் நம் முன்னோர் வேறு பிரித்து வழங்கினர். சொற்களை மொழிபெயர்த்தே காலங்கழிப்பவனுக்கு இப்பாகுபாடு மிக்க மகிழ்ச்சி தருவதாகும். துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இதனாலேயே பெயிண்டின் கீழ் ஒளிந்திருக்கும் ஒரு சிறு துருப்புள்ளி மேற்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகின்றது. அது பஞ்சுபோல் ஈரத்தையும் பிடித்து வைப்பதால் அடியிலுள்ள இரும்பு தொடர்ந்து அரிக்கப்படுகின்றது. கடற்காற்றின் உப்பு இவ்வரிமானத்தை விரைவுபடுத்தும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றுக்கும் கடல்நீருக்கும் காட்டி வைத்து இதனை ஆராய்ந்து வந்திருக்கின்றது.

துருவின் மேலேயே புதுப் பெயிண்டைப் பூசுவது பயனற்றது. கொப்புளங்களைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நனைத்துத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பெயிண்டுகளிலும் செந்தூரப் பிரைமர்களிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குள் செல்லலாகாது. குரோமியப் பூச்சுள்ள இடங்களில் உப்புத்தாள் படவே கூடாது. அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மேலோட்டமான துரு அகலும்.

குழிகளில் எஞ்சும் துருவுக்கு அமிலம் தேவைப்படும். பட்டறைகளில் கழிவறை ஆசிட்டை ஊற்றும் வழக்கம் காணப்படுகின்றது. துரு உடனே மறையும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வமிலத்தின் குளோரைடு குழிகளில் தங்கி, புதிய துருவுக்கு வித்திடுகின்றது. இக்கட்டுரையாளனும் ஒருமுறை அவ்வாறு செய்து, மூன்றாம் மாதத்திலேயே மட்கார்டின் ஓரத்தில் கொப்புளங்களைக் கண்டவன். நீர்த்த பாஸ்பாரிக் அமிலமே ஏற்றது. அது துருவைக் கரைப்பதோடு இரும்பின் மீது மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். டெல்லி மெஹ்ரௌலி இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு, அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் உண்டான இத்தகைய படலமே முக்கிய காரணமென்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். கடுக்காயின் துவர்ப்புச் சத்தாகிய டானின் கூட இரும்புடன் சேர்ந்து கருநிறப் பொருளாகின்றது. பழைய ஏடெழுதும் மையின் இரகசியம் அது. இன்று விற்கப்படும் துருமாற்றித் திரவங்கள் பலவற்றிலும் டானின் உண்டு.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க முறையொன்றும் உளது. பிளாஸ்டிக் வாளி நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர் முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர் முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்த வேண்டும். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து கருந்தூளாக உதிரும். நேர் முனையில் எவர்சில்வர் தகட்டை வைக்கலாகாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியக் கலவைகள் வெளிப்படும். உறுப்பின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழுவதால் காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பு அண்டாமல் செய்க. ஸ்பிரிங்குகளையும் உறுதி மிக்க போல்ட்டுகளையும் இவ்வாறோ அமிலத்திலோ இடாதீர்கள். ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும்.

பெட்ரோல் டாங்கைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியிருக்கின்றது. காலி டாங்க் அபாயமற்றது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஆவியும் காற்றும் கலந்த காலி டாங்கே நிறைந்த டாங்கைக் காட்டிலும் எளிதில் வெடிக்கும். அதனருகே வெல்டிங் சுடரையோ, பொறி பறக்கும் அரைப்பானையோ கொண்டு செல்லாதீர்கள். உள்துருவை நீக்க, பெட்ரோலை முற்றிலும் வடித்துச் சோப்பு நீரால் பன்முறை கழுவியபின் நீர்த்த சிட்ரிக் அமிலத்தை நிரப்பி ஓரிரவு வைத்து, சோடா நீராலும் நல்ல நீராலும் அலம்பி, உடனே உலர்த்தி, சிறிது எண்ணெயைச் சுழற்றிவிட வேண்டும். விட்டுவிட்ட துருத்துகள் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்து, மலைப்பாதையின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிடக்கூடும்.

சுத்தம் செய்த இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் மங்கத் தொடங்கும். ஆதலால் அன்றைய தினமே, மழையற்ற வேளையில், மெல்லியதாக இருமுறை பிரைமர் பூசுவது அவசியம். விளிம்புகளில் பூச்சு தானாகவே மெலியும். அங்கு முன்கூட்டியே பிரஷ்ஷால் ஒருமுறை தடவி விடுக. டாங்கின் மேற்பூச்சு பெட்ரோல் சிந்தினாலும் இளகாததாக இருத்தல் வேண்டும். கெட்டியாக்கி கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயிண்டு இதற்கு ஏற்றது. ஆனால் அதனை ஸ்பிரே செய்கையில் எழும் ஐசோசயனேட் நுண்துளிகள் மூச்சுக்குழாய்க்கு மிகக் கேடானவை. கைக்குட்டை போதாது, உரிய முகமூடி அணிந்த பெயிண்டரிடம் விடுவதே நலம்.

சட்டத்தில் பொறித்த எண்ணை அரைத்தோ பட்டி வைத்தோ மறைத்துவிடாதீர்கள். பெயிண்டு பூசுமுன் அதன்மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டி வைத்து, பின்னர் மெல்லிய பூச்சு ஒன்று மட்டும் கொடுக்கவும். வண்டியின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அதைத் திருத்திக்கொள்வது கடமை.