அமெரிக்கன் மாவும் நமது பிட்டும்

சீலியாக் வெள்ளைக்காரரின் வருத்தம், சோற்றுச் சனமான எங்களுக்கு வராது என்பது எம்மவர் பலரின் எண்ணம். 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று வேறுவிதமாகச் சொல்கிறது. இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டவர்கள் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவே. வேறுபட்டது கோதுமையின் அளவு. டென்மார்க்கில் எங்கள் பிள்ளைகள் காலையில் பாண், மதியம் ரை பாண் என்றே வளர்கிறார்கள்.

கோதுமை, ரை, பார்லி மூன்றிலுமுள்ள குளுட்டன் என்ற புரதமே இந்நோயாளரின் சிறுகுடலைச் சிதைக்கிறது. மருந்து இல்லை, விலக்குவதே வழி. வீட்டில் அது இலகுவல்ல. யாழ்ப்பாணத்தில் 'அமெரிக்கன் மா' என்றது கோதுமை மாவைத்தானே! அவித்த அந்த மா பிட்டிலும் இடியப்பத்திலும் கலக்கிறது. தோசைக்குள்ளும் ஒரு கை விழுகிறது. கூட்டுப் பெருங்காயத்திலும் அது உண்டு. அரிசி, உழுந்து, குரக்கன், ஒடியலில் குளுட்டன் இல்லை.

உணவகங்களில் கேட்கலாம். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில்தான் வடையும் பொரிகிறதா என்றும் கேட்க வேண்டும். டேனிஷ் சமையற்காரரைவிடக் கடினமானவர், கலியாண மண்டபத்தில் "ஒரு துண்டு தின்றால் என்ன செய்யும் பிள்ளை?" என்று வற்புறுத்தும் மாமிதான்.

சந்தேகமிருப்பின் இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமற் போகலாம்.